ஹைஃபோங்கில் வெட்டிய கயிறு

என் மகனின் அரைஞாண் கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என் கையில் கொடுத்த பெண்ணிடம் நான் ஏன் "தேங்க் யூ" என்று சொன்னேன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இது நடந்தது வியட்நாமில், ஹைஃபோங் என்கிற துறைமுக நகரத்தில். நான் அங்கே பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என் மகனுக்கு அப்போதுதான் மூன்று வயது முடிந்திருந்தது. நாங்கள் குடியிருந்த சந்தின் முனையில் ஒரு சின்ன மழலையர் பள்ளி. நான் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் அவன் அங்கேதான் இருப்பான். அன்று மாலை அவனைக் கூப்பிடப் போனபோது, அவனைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை வாசல்வரை வந்தார். கல்லூரி முடித்து நேராக வந்தவர் போல இருப்பார், சிரிக்காமல் பேசத் தெரியாதவர். உறையை என்னிடம் நீட்டினார். அதன்மேல் மஞ்சள் நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தார். உள்ளே கறுப்புக் கயிறு. அதில் கோத்த வெள்ளித் தாயத்து.

அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு அவர் மொழி வராது. கைபேசியில் பேசினார். அது ஆங்கிலத்தில் மாற்றிக் காட்டியதை என் பக்கம் திருப்பினார். மதியம் தூங்கும்போது உங்கள் மகன் கயிற்றை மார்புவரை இழுத்து, தாயத்தை வாயில் வைத்துச் சப்புகிறான். விழுங்கிவிட்டால் ஆபத்து. அதனால் வெட்டினேன். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

"தேங்க் யூ, டீச்சர்" என்றேன். சிரிக்கவும் செய்தேன். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் திரும்பியதும் நின்றுவிட்டேன். ஒரு சுவரில் சாய்ந்து, அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றிக் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்து, மெல்லிய கோடாகத் தெரிந்தது. அதற்குமேல் எதுவும் இல்லை. பிறந்ததிலிருந்து அவனை அப்படி நான் பார்த்ததே கிடையாது.

எங்கள் பக்கத்தில் இதை அண்ணாக்கயிறு என்பார்கள். கயிறு நைந்துபோனால், புதியதை முதலில் கட்டிவிட்டு அப்புறம்தான் பழையதை அறுப்பார்கள். இடுப்பு ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக்கூடாது. ஓர் ஆணின் இடுப்புக் கயிற்றை அறுத்துவிட்டு மறு கயிறு கட்டாமல் விடுவது, அவன் இறந்தபிறகு ஒருமுறைதான். கல்யாணமாகி வந்த வருடம் என் மாமனார் இறந்தார். அவரைக் குளிப்பாட்டிய பிறகு கயிற்றை அறுத்ததைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அழாமல் இருந்த என் கணவர் அந்த இடத்தில்தான் உடைந்தார்.

தாயத்துக்குள் இருப்பது என் மகனின் காய்ந்த தொப்புள்கொடி. இதையெல்லாம் அந்த ஆசிரியையிடம் எப்படிச் சொல்வது? நான் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள், பி.எட். முடித்தவள். கயிறு ஒரு பிள்ளையைக் காப்பாற்றாது என்று எனக்குத் தெரியும். தாயத்து தொண்டையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவர் செய்தது சரிதான். அப்படியானால் எனக்கு ஏன் உடம்பெல்லாம் பதறியது?

நான் ஹைஃபோங்குக்குக் கிளம்பிய கதையே ஓர் அதிர்ச்சியில்தான் ஆரம்பித்தது. தருமபுரியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்லூரித் தோழி ஒருத்தி ஹைஃபோங்கில் வேலை பார்த்தாள். அவள் சொல்லித்தான் விண்ணப்பித்தேன். கிடைக்காது என்ற நம்பிக்கையில்தான் வீட்டில் சொல்லவே இல்லை. கிடைத்துவிட்டது. என் கணவருக்கு அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலை ஓரம் லாரி டயர் கடை. அன்று கடைக்கே போய்ப் பயந்துகொண்டே சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"போ. எவ்வளவு நாளைக்கு இங்கயே நோட்டு திருத்திக்கிட்டு இருப்ப? கடைய ஒரு ஆள்கிட்ட வுட்டுட்டு நானும் மூணு மாசத்துல வந்துடறேன்."

வேண்டாம் என்பார், நானும் நிம்மதியாக இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இந்தப் பதிலுக்கு நான் தயாராக இல்லை.

என் மாமியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீ போயிட்டு வா கண்ணு. புள்ளைய வுட்டுட்டுப் போ."

"இல்லீங்க அத்தை, அவனும் வரட்டும்" என்றேன். என் வாழ்க்கையில் பெரியவர்களிடம் நான் மறுத்துப் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அவர் எதிர்த்துப் பேசவில்லை. கிளம்பும் நாள் காலையில் பேரனை மடியில் உட்காரவைத்துப் புதுக்கயிறு கட்டினார். கட்டி முடித்து, முடிச்சை இழுத்துப் பார்த்து, பிறகு பழையதை அறுத்தார். "வளர்ற புள்ள, கொஞ்சம் லூசாவே கட்டிருக்கேன். ஒரு கண்டு கயிறு பொட்டியில வச்சிருக்கேன். நீயும் இதே மாதிரி செய்யி."

பெங்களூரு விமான நிலையத்தில் பெட்டியின் எடை கூடிவிட்டது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. பெட்டியைத் திறந்து, பருப்புப்பொடியும் ஊறுகாயும் இருந்த பையை அப்படியே எடுத்துக் கணவர் கையில் திணித்தேன். அத்தை சொன்ன கண்டு, அந்தக் கயிற்றுச் சுருள், அதற்குள்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியாது.

ஹனோயில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் ஹைஃபோங். முதல் வாரம் முழுக்க நான் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தேன். வீடுகள் ஓர் அறை அகலத்தில் மூன்று நான்கு மாடி உயரத்துக்கு நின்றன. சாலையைக் கடக்க யாரும் நிற்பதில்லை. ஸ்கூட்டர்கள் ஆறு மாதிரி வந்துகொண்டிருக்க, அதற்குள் மெதுவாக, ஒரே சீராக இறங்கி நடக்க வேண்டுமாம், வண்டிகள் நம்மைச் சுற்றிக்கொண்டு போகுமாம். நெடுஞ்சாலை ஓரத்திலேயே வாழ்ந்தவள் நான். சாலையில் இறங்கினால் ஓடு, இல்லையென்றால் நில் என்றுதான் எனக்குத் தெரியும். என் தோழி மறுபக்கம் நின்று கையசைத்தாள். நான் மகனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வீட்டுக்கே போய்விட்டேன். அன்றைக்குக் காய் வாங்கவில்லை.

வகுப்புகள் பயமுறுத்தவில்லை. அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பிலிருந்து பதினைந்து பேர் இருக்கும் வகுப்புக்கு வந்தவளுக்கு அது விடுமுறை மாதிரி. ஆனால் முதல் நாளே ஓர் அம்மா, நான் இருக்கும்போதே, வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் வெள்ளைக்கார ஆசிரியர் இல்லையா என்று கேட்டார். மேசைப் பெண் அதை எனக்கு மொழிபெயர்த்தும் சொன்னார், வானிலை சொல்வதுபோல. எனக்கு முகம் எரிந்தது. இரண்டு வாரம் கழித்து அதே அம்மா ஒரு பை நிறைய வாழைப்பழம் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எதை நம்புவது என்று தெரியவில்லை.

மகனின் பள்ளியிலும் முதலிலிருந்தே சின்னச் சின்னதாக நடந்துகொண்டுதான் இருந்தது. காலையில் கன்னத்தில் மையால் திருஷ்டிப் பொட்டு வைத்து அனுப்புவேன். மாலையில் கன்னம் பளிச்சென்று இருக்கும். அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறார்கள். ஒரு வாரம் வைத்தேன், ஒரு வாரமும் துடைத்தார்கள். பிறகு நானே வைப்பதை விட்டுவிட்டேன். அந்தப் பொட்டுக்கே வாயைத் திறந்து விளக்கியிருந்தால் கயிறு வரை போயிருக்காதோ? இதைக் கணக்கில்லாமல் யோசித்திருக்கிறேன்.

கயிறு வெட்டிய அன்று மாலை, கறுப்புக் கயிறு தேடி இரண்டு கடைத்தெரு அலைந்தேன். சாமி மேடைக்கான சிவப்புக் கயிறு கிடைத்தது. அது எந்தச் சாமிக்கு, எதற்குக் கட்டுவது என்று தெரியாமல் வாங்கப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து என் சுடிதார் பேண்ட்டிலிருந்து நாடாவை உருவினேன். ரோஸ் கலர் நாடா. அதில் தாயத்தைக் கோத்து அவன் இடுப்பில் கட்டினேன். அவனுக்கு ஒரே சிரிப்பு.

காலையில்தான் உறைத்தது. இப்படியே அனுப்பினால் மறுபடியும் வெட்டிவிடுவார்கள். பள்ளிக்குக் கிளம்பும்போது நானே அவிழ்த்தேன். மாலையில் கட்டினேன். மறுநாளும் அப்படியே. ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக்கூடாத இடுப்பை, தினமும் காலையில் என் கையாலேயே வெறுமையாக்கி அனுப்பினேன். அந்தப் பெண்ணாவது தெரியாமல் ஒருமுறை செய்தார்.

அடுத்த வாரமே அவனுக்குக் காய்ச்சல். உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புக் கொப்புளங்கள், வாயெல்லாம் புண். பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு அது வந்திருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பரவும் வைரஸ், தானாகச் சரியாகும், தண்ணீர் மட்டும் குறையாமல் பாருங்கள் என்றார் மருத்துவர். கயிற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆங்கிலத்திலும் தமிழிலும். நம்பமுடியவில்லை.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மாள், நான் விடுப்புக் கேட்டுத் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்ததைக் கேட்டாரோ என்னவோ, மாடியேறி வந்தார். ஆறிய கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினார். என்னிடம் மூன்று மணிநேரம் அடம்பிடித்தவன் அவரிடம் வாயைத் திறந்தான். மறுநாள் ஒரு குட்டி வளையல் கொண்டுவந்து அவன் மணிக்கட்டில் போட்டார். மெல்லிய குச்சியைத் துண்டு துண்டாக நறுக்கி, மணிபோல் கோத்தது. குழந்தை பயந்து அழாமலிருக்க இங்கே எல்லாரும் போடுவது என்று கைபேசியில் சொன்னார். என்ன மரம் என்று கேட்டேன். படத்தைக் காட்டினார்.

மல்பெரி. எங்கள் ஊரில் பட்டுப்புழுவுக்குத் தழை பறித்துப் போட்டுவிட்டுக் குச்சியை அடுப்புக்கு வைப்போமே, அதே மல்பெரி. அதைப் பார்த்து நான் அழுதேன். ஏனென்று அவருக்குப் புரியவில்லை, எனக்கும்தான்.

மகனுக்குக் காய்ச்சல் இறங்கிய அன்று அத்தை வீடியோவில் அழைத்தார். வெக்கைக்குச் சட்டை இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மறைக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, என்னா இது, இடுப்புல? பாவாட நாடாவா?"

"சுடிதார் நாடாங்க அத்தை."

பின்னாலிருந்து என் கணவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. "ரோசு கலரா? எம் மவனுக்கா? காட்டு, காட்டு."

சிரிப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டியது, தேடியது, காலையில் அவிழ்ப்பது, காய்ச்சல். சொல்லாமல் இருந்திருக்கலாம். கயிறு நைந்துவிட்டது, அதனால் மாற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது வேறெதுவும் வாயில் வரவில்லை. அத்தை போனை அப்படியே பின்னால் நீட்டினார். கணவர் போனை வாங்கினார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"புள்ளைய வெட்டவெளியில நிறுத்தற மாதிரி நிறுத்திட்டியே. அவனக் கொண்டாந்து இங்க வுட்டுட்டு, நீ போயி ஊரான் புள்ளைக்குப் பாடம் நடத்து, டீச்சரம்மா."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. மூன்று மாதத்தில் வருகிறேன் என்றவர் ஏழு மாதமாகியும் வரவில்லை என்பது, போனைக் கீழே வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு எல்லாப் பதிலும் போனை வைத்த பிறகுதான் வரும்.

இப்போது கோடை விடுமுறைக்கு அதியமான்கோட்டை வந்திருக்கிறேன். இதை இங்கிருந்துதான் எழுதுகிறேன்.

வந்த அன்றே முதல் அடி விழுந்தது. பெங்களூரு விமான நிலையத்தில் கணவர் மண்டியிட்டுக் கையை விரித்தார். மகன் ஓடிப்போய் விழுவான் என்று நானும் எதிர்பார்த்தேன். அவன் அவர் முன்னால் போய் நின்றான். இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினான். அங்கே பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான். பெரியவர்களைப் பார்த்தால் கைகட்டிக் குனிய வேண்டும். தினமும் பள்ளி வாசலில் பார்த்து எனக்குப் பழகிவிட்டது, அழகாகக்கூட இருக்கும். அங்கே வைத்துப் பார்த்ததற்கும் தன் அப்பா முன்னால் அவன் அப்படி நிற்பதற்கும் எவ்வளவு தூரம் என்று அந்த நொடியில்தான் தெரிந்தது.

கணவர் அப்போது சிரித்துக்கொண்டே அவனைத் தூக்கிக்கொண்டார். மறுநாள் பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் மகன் அதையே செய்தான். எதிர்வீட்டு அக்கா உரக்கச் சொன்னார்:

"என்னா டீச்சரம்மா, பிளேன் ஏறிப் போயி உம்மவனப் பண்ணையாளாக்கிக் கூட்டியாந்துட்டியா? ஆண்டைய கண்ட மாதிரி கையக் கட்டிக்கிட்டு நிக்கறான்!"

எல்லாரும் சிரித்தார்கள். கணவர் சிரிக்கவில்லை. வந்தவர்கள் போனதும் மகனைக் கூப்பிட்டார். "கைய எறக்கு. யாரு முன்னாலயும் கையக் கட்டக்கூடாது. வணக்கம்னா கும்புடு. இப்படி." கும்பிட்டுக் காட்டினார்.

மகன் அவர் குரல் மாறியதைத்தான் கவனித்தான். கையைக் கட்டினான்.

"எறக்குடா."

இன்னும் இறுக்கிக் கட்டினான். அங்கே யாராவது கண்டித்தால் கைகட்டி நிற்க வேண்டும். அவன் கீழ்ப்படிந்துகொண்டுதான் இருந்தான், அவனுக்குத் தெரிந்த வழியில். இவர் குரல் உயர உயர, அவன் கை இறுகிக்கொண்டே போனது. கண்ணில் தண்ணீர் முட்டியது, கையை மட்டும் எடுக்கவில்லை. நான் ஓடிப்போய்த் தூக்கினேன்.

"அது மரியாதைங்க. அங்க எல்லாப் பிள்ளையும் அப்படித்தான்."

"எங்கப்பா கூலி வாங்கறதுக்கு இப்படித்தான் நிப்பாரு" என்றார். "பக்கத்துல அவரு வேட்டியப் புடிச்சிக்கிட்டு நான் நிப்பேன். இவன விட ரெண்டு வயசு பெரியவனா இருந்திருப்பேன். அதோட போச்சுன்னு நெனச்சேன்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை. கும்பிடும்போதும் தலை குனியத்தானே செய்கிறோம் என்று ஒரு வாதம் என் வாய்வரை வந்தது. நல்லவேளை, வெளியே வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ?

அன்று மாலையே அவர் மகனைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். இருட்டுவதற்குள் இரண்டு பேரும் உடம்பெல்லாம் கறுப்பு மையோடு வந்தார்கள். லாரி டியூப் ஒன்றில் காற்றடித்து அதற்குள் அவனை உட்காரவைத்து உருட்டினாராம். மகன் சொல்லத் தெரியாமல், பாதி அந்த ஊர் மொழியிலும் பாதி தமிழிலுமாகக் கத்திக் கத்திச் சொன்னான். ஹைஃபோங்கில் அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. சந்து வீட்டில் கத்தினால் மேல்மாடிக்காரர் தட்டுவார்.

மதியமானால், அங்குள்ள பள்ளிப் பழக்கத்தில், சாப்பிட்ட கையோடு ஒரு பாயை இழுத்துப்போட்டுப் படுத்துவிடுகிறான். யார் வீட்டில் இருந்தாலும், எத்தனை பேர் பேசிக்கொண்டிருந்தாலும். எழுந்ததும் போர்வையை நான்காக மடித்து ஓரமாக வைக்கிறான். அத்தை முதல் நாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "அடியாத்தா, இந்த வயசுல உம் புருசனத் தூங்கவைக்க நான் ஊரையே ரெண்டாக்கியிருக்கேன்."

அத்தையிடம்தான் நான் அதிகம் பயந்திருந்தேன். அவர் குளிக்கவைக்கும்போது நாடாவைப் பார்த்தார், புதுக்கயிற்றைக் கட்டினார், நாடாவை அறுத்தார். மணிக்கட்டில் இருந்த வளையலைத் திருப்பிப் பார்த்தார்.

"இது மல்பெரிக் குச்சி தானே? பூச்சி திங்கற செடியப் போயிக் கையில கட்டியிருக்காங்க?"

"வீட்டுக்காரம்மா போட்டதுங்க அத்தை. கழட்டிடட்டுங்களா?"

"எதுக்கு? எவளோ ஒரு மவராசி நல்லா இருக்கட்டும்னு போட்டிருக்கா. இருந்துட்டுப் போவட்டும்."

சோப்பு நுரையைக் கழுவிவிட்டுக்கொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார். "பையிலயே கண்டு திரும்பி வந்துச்சு. அன்னைக்கே எனக்குத் தெரியும், உங்கிட்ட மறு கயிறு இல்லன்னு. கேட்டா நீ பதறுவன்னுதான் கேக்கல."

கயிற்றுக்காக அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்று மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவள் நான்.

பெரிய அதிர்ச்சி அதற்குப் பிறகுதான். போன வாரம் துண்டு எடுக்க அத்தையின் பீரோவைத் திறந்தேன். நடுத்தட்டில், மடிப்புக் கலையாமல் ஒரு செட் உடுப்பு. குட்டிக் கட்டம் போட்ட சட்டை, நீல டவுசர், எலாஸ்டிக் வைத்த டை. சட்டைப் பையில் பள்ளியின் சின்னம். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பள்ளிதான்.

"இது யாருக்குங்க அத்தை?"

"அத எடுத்துட்டியா? உம்மவனுக்குத்தான். போட்டுப் பாக்கலாம் வா."

அவனைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்த்தார். தோள் பிடித்தது. நடுப் பொத்தான் மாட்டவே இல்லை. டவுசர் தொடையில் நின்றது. அத்தை அவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"போன வருசம் வுட்டுட்டுப் போன சட்டையத்தான் தையக்காரன்கிட்ட அளவுக்குக் குடுத்தேன்" என்றார். "இவன் வளந்துட்டான் பாரு." சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டது.

மாலையில் கணவரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"பொங்கல் முடிஞ்சதும் சீட்டு போட்டாச்சு. லேட்டானா அந்த ஸ்கூல்ல கெடைக்காது."

பொங்கல் முடிந்ததும். ஹைஃபோங்கில் கயிறு வெட்டப்பட்டது அதற்குப் பிறகு, மாசிக் கடைசியில். அப்படியென்றால் கயிறு ஒரு காரணமே இல்லை. நாடாவைப் பார்த்துச் சிரித்தபோதும், அதே அழைப்பில் கோபப்பட்டபோதும், அவன் இங்கே படிக்கப்போவது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியாது.

"அப்போ நீங்க அங்க வர்றேன்னு சொன்னது?"

"கடைய எவன நம்பி வுடறது? வரமுடியாதுன்னு அப்பவே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்ட." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். "நீ போவணும்னு எனக்கு ஆச. நீ நோட்டு திருத்தறதுக்குப் பொறந்தவ இல்ல. புள்ளையோட ஒரு வருசம் இருந்துட்டு, முடியலன்னு கொண்டாந்து வுட்டுடுவன்னு நெனச்சேன். நீதான் முடியலன்னு சொல்லவே மாட்டேங்கற."

கோபப்பட வேண்டுமா, நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியாமல் நின்றேன். என்மேல் ஆசைப்பட்டு ஒருவர் பொய் சொல்லியிருக்கிறார். அதே ஆசையோடு என்னைக் கேட்காமல் என் மகனுக்குப் பள்ளியும் பார்த்திருக்கிறார். இதில் எதைப் பிடித்துச் சண்டை போடுவது? "யோசிச்சுச் சொல்றேங்க" என்றேன். நான் போட்ட சண்டை அவ்வளவுதான்.

அத்தை உடுப்பைப் பிரித்துத் தைக்கக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "கயிறெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. அது அறுந்தா வேற கட்டிக்கலாம். மத்தியானம் ஆச்சுன்னா, நாம பெத்தது எங்கியோ யாரு பக்கத்துலயோ படுத்துத் தூங்குதேன்னு நெனப்பு வருது. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. நீ கூட்டிக்கிட்டுப் போனாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சொல்ல மாட்டேன் என்று அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது நிலைமை இதுதான். அடுத்த வருடத்துக்கும் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். திரும்பிப் போக இரண்டு டிக்கெட் இருக்கிறது, ஒன்று அவன் பெயரில். இங்கே பள்ளி அடுத்த வாரம் திறக்கிறது. அதற்கு இரண்டு நாள் கழித்து என் விமானம்.

அழைத்துப்போனால், அவனுக்குக் காலையும் மாலையும் அம்மா உண்டு. நடுவில் இருக்கும் பகல் முழுவதும் முன்பின் தெரியாதவர்கள். அவர்கள் அன்பானவர்கள்தான், அதை நான் மறுக்கமாட்டேன். விட்டுப்போனால், பள்ளி விட்டு வந்ததும் அப்பா, ஆயா என்று அவன் கூப்பிடும் பாட்டி, டியூப் வண்டி, கத்திப் பேச ஒரு வீடு. அம்மா மட்டும் ஒரு செவ்வகத்துக்குள் வந்து சாப்பிட்டாயா என்று கேட்பாள். வேலையை விட்டுவிடலாமே என்பீர்கள். விடலாம். நான் போகவேண்டும் என்று ஆசைப்பட்ட அவர் முகத்தை அதன்பிறகு எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. எனக்கும் அந்தப் பதினைந்து பிள்ளைகளின் வகுப்பு பிடித்திருக்கிறது. இதை வெளியே சொல்லவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு தாய்க்கு அது பிடிக்கலாமா?

மகனிடம் கேட்டுப் பார்த்தேன். ஆயா வீட்டில் இருக்கிறாயா, அம்மாவோடு வருகிறாயா என்று. "ரெண்டும்" என்றான். மூன்றரை வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்டதே தப்பு என்று அப்புறம்தான் தோன்றியது.

இதைப் படிப்பவர்களில் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தாய்மார்கள் இருப்பீர்கள். பிள்ளையை அழைத்துப்போனவர்களும் இருப்பீர்கள், விட்டுப்போனவர்களும் இருப்பீர்கள். நீங்கள் செய்ததை எழுதுங்கள். சரியாக வந்ததை மட்டும் எழுதாமல், வராததையும் எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, அம்மா எங்கோ வேலை பார்க்க, ஊரில் வளர்ந்த பிள்ளைகள் யாராவது இருந்தால், உங்களைத்தான் கேட்கிறேன். அம்மா போன பிறகு, முதல் நாள் மாலை பள்ளி விட்டு வீட்டுக்கு வந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது? போவதற்கு முன் உங்கள் அம்மா உங்களிடம் என்ன சொல்லியிருந்தால், அல்லது என்ன சொல்லாமல் இருந்திருந்தால், கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அடுத்த வாரத்துக்குள் வந்தால் நல்லது.